ஸக்கியாவின் தவளைகள் போன இடம்

போன் பழுது என்று என் கடைக்கு வரும் பத்துப் பேரில் ஏழு பேருடைய போனுக்கு ஒரு பழுதும் இருக்காது. கேபிள்தான் காரணம். பார்வைக்கு எல்லாக் கேபிளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று சார்ஜ் மட்டும் ஏற்றும். இன்னொன்று சார்ஜும் ஏற்றும், உள்ளே கிடக்கும் படம், பாட்டையெல்லாம் கணினிக்கும் கொண்டுபோகும். இதைப் பத்து வருஷமாக ஆட்களுக்குச் சொல்லிவருகிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் என் கடையை எப்போதோ மூடியிருக்க வேண்டும் என்பதால் எனக்கும் அதில் பெரிய வருத்தமில்லை.

காதியார் அவர்களே, வாயால் சொல்லச் சொன்னால் நான் சிரிப்புக் காட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்பதைப் போன விசாரணையில் கண்டுகொண்டீர்கள். பக்கத்திலிருந்த ஜூரி ஐயா ஒருவர் லேஞ்சித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டதையும் கண்டீர்கள். "நீங்க எழுதிக் கொண்டு வாங்க, ஷிராஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். என் மனைவி ஸக்கியா என்னிடமிருந்து விடுதலை கேட்டு உங்கள் காதி நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் என் பக்கத்து நியாயம் இதுதான். இரண்டு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னீர்கள். கொஞ்சம் கூடிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

பிலிமத்தலாவையில், கண்டி வீதியோரமாக இருக்கிறது என் கடை. போன், கணினி இரண்டும் திருத்துவேன். கடைக்குள் முதலில் என் வயிறு நுழையும், பிறகு நான் நுழைவேன். ஸக்கியா பேராதனை கெம்பஸில் ஆய்வு செய்கிறவள். ஆய்வு எதைப் பற்றி என்று கல்யாணப் பேச்சில் என் உறவுக்காரர்கள் கேட்டபோது அவளுடைய உம்மா ரபீகா மாமி, "விலங்கியல்" என்று மட்டும் சொன்னார். தவளை என்று சொல்லவில்லை. ஹந்தானை மலையில் மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் சின்னச் சின்னத் தவளைகள் கத்தும். அதைப் பதிவு செய்வதுதான் அவளுடைய வேலை. நான்கு வருஷத்தில் அறுநூற்றுப் பதினான்கு பதிவுகள். ஒவ்வொன்றிலும் படமும் சத்தமும் இருக்கும். எந்த இடம், என்ன நேரம், எவ்வளவு ஈரம் என்று ஒரு கொப்பியில் குறிப்பும் இருக்கும். எனக்கு எல்லாத் தவளையும் ஒரே மாதிரித்தான் கத்தும், பழைய கதவுக்கு எண்ணெய் போடாத மாதிரி. அவளுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள்.

பதிவு எல்லாம் அவளுடைய போனில். போன் நிறைந்தால் கடைக்குக் கொண்டுவருவாள். நான் அதை என் கணினியில் இணைத்து, அவளுடைய நீல நிற ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, போனை வெறுமையாக்கிக் கொடுப்பேன். அந்த டிஸ்க்கைத் தவிர வேறு பிரதி கிடையாது. அந்தத் தவளைகளுக்குச் சம்பளமில்லாத போக்குவரத்து அமைச்சர் நான்தான்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், சின்னதுதான். என் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் வெளியிலிருந்து வருகிற ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு வெறும் போல்டரைக் காட்டி, "நீ இங்கே இரு" என்று சொல்ல வேண்டும். இதை மவுண்ட் பண்ணுவது என்போம். இப்போதெல்லாம் அது தானாகவே நடக்கும். நான் பழைய ஆள், கையால்தான் செய்வேன். எடுக்கும்போதும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால், கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது பாதியில் போய்விடும்.

ஸக்கியாவின் டிஸ்க்குக்கென்று அவள் பெயரிலேயே ஒரு போல்டர் வைத்திருந்தேன். டிஸ்க்கை மவுண்ட் பண்ணினால் அந்தப் போல்டருக்குள் தவளைகள் தெரியும். மவுண்ட் பண்ண மறந்துவிட்டாலும் போல்டர் அங்கேயேதான் இருக்கும், வெறுமையாக. அப்போது அதற்குள் எதையாவது போட்டால் அது டிஸ்க்குக்குப் போகாது; என் கணினிக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு டிஸ்க்கை மவுண்ட் பண்ணினால், தரையில் கிடக்கிற சாமானுக்கு மேலே பாயை விரித்த மாதிரி, முன்னே போட்டது கண்ணுக்குத் தெரியாது. அழியாது. தெரியாது, அவ்வளவுதான். இந்தத் தவறை லினக்ஸ்காரன் ஒவ்வொருவனும் ஒருமுறையாவது செய்திருப்பான். செய்யவில்லை என்று சொன்னால் அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நானும் செய்தேன், மூன்று வருஷத்துக்கு முன்பு. சத்தியமாக மறதிதான். இரண்டு மாதத்துத் தவளைகளைப் போனிலிருந்து எடுத்துப் போல்டரில் போட்டேன், போனை வெறுமையாக்கினேன், அதற்குப் பிறகுதான் டிஸ்க்கை மவுண்ட் பண்ணினேன். ஸக்கியா வந்து திரையைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்களே, ரெண்டு மாசமும் இல்ல. ஒன்னுமே இல்ல."

"பதறாதீங்க. சும்மா ஈங்க."

"எப்பிடி சும்மா ஈக்கிற? போன்லயும் இல்லயே!"

கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வந்தது; சத்தம் வரவில்லை. மூன்று மணித்தியாலம் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில் டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் தவளைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஸக்கியா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன செய்யிற?" என்றாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸக்கியா கெட்டிக்காரி. ஸ்கூட்டர் ஓட்டுவாள், குழாய் ஒழுகினால் தானே திருத்துவாள், அரசாங்கப் படிவங்களை மூன்று மொழியிலும் நிரப்புவாள். நான் இல்லாவிட்டால் நடக்காத வேலை என்று வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறப்பது. அதற்கும் அவள் ஒரு சாமான் வாங்கிவிட்டாள். ஆகவே அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய் இறங்கியிருக்கும் என்று நீங்கள் யோசித்துக்கொள்ளலாம். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்கு வட்டிலப்பமும் இருந்தது.

இரண்டாவது தடவை மறதி இல்லை.

சின்னதாகத்தான் செய்தேன், ஒரு கிழமைத் தவளைகள், ஏழே நாளுடையவை மட்டும். ஒரு மணித்தியாலம் அவள் தவித்தாள், பிறகு நான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். மூன்றாவது தடவை நோன்பு காலத்தில். நான்காவது தடவை, அவளுடைய பேராசிரியர் முன்னாலேயே. அவர் என் தோளில் தட்டி, "யூ ஆர் எ லக்கி வுமன்" என்று ஸக்கியாவிடம் சொன்னார். அவளும் ஆமென்று தலையாட்டினாள். யாருக்கும் ஒரு சதம் நட்டமில்லை. தொலைந்தது கிடைக்கும்போது மனிதருக்கு வரும் சந்தோஷம், தொலையாமலே இருந்திருந்தால் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். நான் அதைத்தான் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் பெப்ரவரியில் நோர்வேயிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம், தவளைச் சத்தத்தைப் பற்றியே மேலும் ஆய்வு செய்ய இடம். ஓகஸ்டில் தொடக்கம். அதற்கு முன் மூலப் பதிவுகள் அறுநூற்றுப் பதினான்கையும், ஒன்று விடாமல், அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

"நீங்களும் வாங்க. அங்கயும் போன் ஒடயும் தானே" என்றாள் ஸக்கியா.

"அங்க ஒடஞ்சா புதுசு வாங்குவாங்க. என்ன மாதிரி ஆக்கள மியூசியத்துலதான் வைப்பாங்க."

சிரித்தாள். நானும் சிரித்தேன். போகாதே என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவளைக் கேட்டால் அவளும் அதைச் சொல்வாள். அவள் கனவுக்குக் குறுக்கே நிற்கிற புருஷன் நான் இல்லை. ரபீகா மாமிகூட, "பொம்புளப் புள்ள தனிய அவ்வளவு தூரமா?" என்று இழுத்தபோது, "மாமி, அறிவைத் தேடிப் போறது நம்மட மார்க்கத்துல உள்ளதுதானே" என்று அவளுக்காக வாதாடியவன் நான்தான்.

முதலில் கேபிளைத்தான் பிடித்தேன். மாதிரிக்குப் பன்னிரண்டு பதிவுகளை அன்று பின்னேரத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் போனோடு ஓடிவந்தாள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளை எடுத்துக் கொடுத்தேன். கணினியில் போன் தெரியவில்லை. போன் பூட்டைத் திறந்து பார்த்தாள், கோப்பு மாற்று என்ற இடத்தை நாலைந்து தடவை அமத்திப் பார்த்தாள், கணினியை அணைத்துப் போட்டும் பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்று, உச்சுக்கொட்டிக்கொண்டு, எல்லா முயற்சிக்கும் உதவினேன். அடுத்த நாள் மோகனராஜ் தன்னுடைய கேபிளைக் கொண்டுவந்து இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மோகனராஜ் என்பவர் அவளுடைய ஆய்வுகூட உதவியாளர். நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். வயதில் என்னைவிட மூத்தவர், ஆனாலும் மரியாதைக்கு என்னை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கொஞ்சம் கூடுதல்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸக்கியா உம்மாவைப் பார்க்க அக்குறணைக்குப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும். வெள்ளிக்கிழமை அவள் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போன நீல டிஸ்க்கை மாட்டி, அதிலிருந்த நான்கு வருஷத் தவளைகளையும் முதலில் என் கணினியில் வேறோர் இடத்துக்கு எடுத்தேன். டிஸ்க்கை இறக்கினேன். அவள் பெயர் போட்ட போல்டர் வெறுமையாகத் தெரிந்தது. தவளைகளை அதற்குள் போட்டேன். எண்ணிச் சரிபார்த்தேன், அறுநூற்றுப் பதினான்கு. பிறகு டிஸ்க்கைத் துடைத்து வெறுமையாக்கி, அதே போல்டருக்கு மேலே மவுண்ட் பண்ணினேன். பாய் விரித்தாயிற்று. ஒரு பதிவுக்கும் சேதமில்லை. என் தொழிலில் இவ்வளவு கவனமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

அடுத்த நாள் ஸக்கியா திரையைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் பதறவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தாள், நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று. அந்தப் பார்வையை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. எவ்வளவு நம்பிக்கை.

"வெள்ளிக்கிழம நீங்கதானே டிஸ்க்கக் கழட்டினீங்க?" என்று கேட்டேன். "அன்மவுண்ட் பண்ணித்தானே எடுத்தீங்க?"

யோசித்தாள். நேர்மையானவள், அதுதான் அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது. "பண்ணினதாத்தான் ஞாபகம்... பஸ்ஸுக்கு நேரமாகிட்டு. சிலவேள... புடுங்கிட்டேனோ தெரியா."

மோகனராஜ் தொட்டிருப்பாரோ என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "அவர் கை வெச்சதே இல்ல. நான்தான்" என்றாள். அடுத்தவர் தலையில் பழியைப் போடுகிற ஆள் நானும் இல்லை, அதோடு விட்டுவிட்டேன். சொல்லாமல் பிடுங்கினால் கடைசியாக எழுதியதுதான் போகும், நான்கு வருஷமும் போகாது. இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தவளைகளைப் பற்றித்தான் தெரியும்.

நான் அவளை மன்னித்தேன். அந்த இடத்திலேயே, ஒரு வார்த்தை ஏசாமல். பின்னேரம் அவளுடைய உம்மா முன்னாலும் மன்னித்தேன்.

ஒன்பது நாள் நான் அந்த டிஸ்க்கோடு போராடினேன். போராடினேன் என்றால், கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை என் கணினி தன் சொந்தச் சாமான்களைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த எழுத்துகள். ஸக்கியா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் அதைப் பார்த்தபடி வாய்க்குள் ஓதிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ரபீகா மாமி ஒரு போத்தலில் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார்.

"மகன், இதக் கொஞ்சம் அந்தப் பொட்டிக்கு மேல தெளிச்சா என்ன?"

"கரண்ட் சாமான் மாமி. தண்ணி பட்டா மவுத்தாப் போயிரும்."

"அப்ப நீங்க குடிங்க. வேல செய்ற கைக்குப் போகட்டும்."

குடித்தேன். முழுப் போத்தலையும் குடித்தேன். மாமியின் மனம் நோகக் கூடாது என்று.

பத்தாம் நாள், "ஏலாமப் போச்சு" என்றேன். ஸக்கியா என்னைத் தேற்றினாள். நான் சாப்பிடாமல் கிடந்து பாடுபட்டேனாம். உண்மையில் இரண்டு கிலோ கூடியிருந்தேன். அவள் கண்ணில் அது படவில்லை.

அவள் விடுகிற ஆள் இல்லை. முழுவதையும் திரும்ப எடுக்க முடியாது, எடுக்க முடிந்ததையாவது எடுப்போம் என்று ஏப்ரல் தொடக்கம் மறுபடி ஹந்தானைக்கு ஏறினாள். நானும் கூடவே ஏறினேன். கடையைப் பின்னேரம் நான்கு மணிக்கே மூடிவிட்டு, குடை பிடித்தேன். அட்டை கடித்தேன் — தவறு, அட்டைதான் என்னைக் கடித்தது. மே மாதம் ஒரு மழை நாளில் ஓடைப் பாறையில் அவள் கால் வழுக்கியது. கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. மெயின் ரோடு வரை அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினேன். இந்த உடம்போடு. வழியெல்லாம் அவள் அழவில்லை, "ஒங்களுக்கு முதுகு நோகுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேராதனை ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள்.

அதற்குப் பிந்திய ஆறு கிழமைகள் எங்கள் வாழ்க்கையிலேயே இனிமையானவை என்று சொல்வேன். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தேன். தலை வாரிவிட்டேன். ஊறுகாய்ப் போத்தல் திறக்கிற சாமான் எங்கே போனதோ தெரியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். ஜூனில் அவள் நோர்வேக்கு, தன் கவனக்குறைவால் பதிவுகள் போய்விட்டன, வர முடியாது என்று எழுதினாள். "கவனக்குறைவு" என்பதற்கு ஆங்கில எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

ஒரேயொரு மாற்றம்தான் தெரிந்தது. தன் ஞாபகத்தில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. காஸ் அடுப்பை மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். கால் ஓரளவு சரியான பிறகும் ஸ்கூட்டரைத் தொடவில்லை. வகுப்பு நேரத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போவாள். தெருவுக்கு வந்த பிறகு, "கதவப் பூட்டினேனா?" என்று என்னிடம் கேட்பாள். பூட்டியிருப்பாள். நான் பேசாமல் திரும்பிப் போய், பூட்டிவிட்டு வருகிற மாதிரி வருவேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். ஒரு தடவை டொக்டரிடமும் கூட்டிப்போனேன். என்னென்ன மறக்கிறாள் என்று அவர் கேட்டபோது, பட்டியலை நானே சொன்னேன். அவளுக்கு மறந்திருக்கும் அல்லவா.

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போகிற நேரம் மோகனராஜ் கடைக்கு வந்தார். மகளுடைய பிறந்தநாள் படங்களைப் போனிலிருந்து எடுத்து ஒரு பென் டிரைவில் போட வேண்டுமாம். "நீங்களே போட்டுக்கோங்க, நான் தொழுதுட்டு வாரன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். எனக்குப் பயம் இருக்கவில்லை. பாய்க்கு அடியில் பார்க்கிற யோசனை யாருக்கு வரும்?

தொழுகை முடிந்து வீதியோரமாக நடந்து வருகிறேன். லொறிச் சத்தம், பஸ் கோர்ன் சத்தம். அதற்கு நடுவில், நல்ல வெயிலில், தவளை கத்துகிறது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. சத்தம் என் கடைக்குள்ளிருந்து வந்தது.

மோகனராஜ் என் கதிரையில் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை.

"நானா, படம் போடப் போனா ஒங்க கம்ப்யூட்டர் டிஸ்க்குல எடமில்லன்னு சொல்லுச்சு" என்றார் நிதானமாக. "உள்ளுக்குள்ள இருக்கறதக் கூட்டிப் பாத்தேன். பாதி கூட வரல. மத்த முந்நூறு ஜீபிய எது தின்னுச்சின்னு பாக்கலாமேன்னு மிஸ்ஸோட நீல டிஸ்க்கக் கழட்டினேன்."

"அப்பிடியா? அடியிலயா இருந்த? அல்லாஹ், நான் பாக்கவே இல்லயே."

"பாக்கல?"

"மறந்து போய் மவுண்ட் பண்ணாமப் போட்டிருப்பேன். முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான் —"

"நானா. எல்லாத்துக்கும் ஒரே தேதி காட்டுது. மார்ச்சுல ஒரு ஞாயித்துக்கெழம. நாலு வருசத்தையும் ஒரே நாள்ல மறந்தீங்களா?" திரையில் அந்தத் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். "மிஸ்ஸு மலையில வழுக்கி விழுந்தப்ப நானும் கீழ நின்னேன். இது இங்கனயா கெடந்துச்சு?"

அவருக்குப் பிளேன்டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஸக்கியாவுக்கு அவர் ஏற்கெனவே போன் எடுத்திருந்தார்.

அவள் த்ரீவீலில் வந்து இறங்கினாள். கையில் ஊன்றுகோல். கடை வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். மோகனராஜ் சொன்னதையும், அவருக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த தவளைகளையும். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். முன்னே நான்கு தடவை அப்படித்தானே நடந்தது. இவ்வளவு பெரிதாகத் தொலைந்தது கிடைத்தால் எவ்வளவு பெரிய சந்தோஷம் வர வேண்டும்.

அவள் திரையைப் பார்க்கவேயில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் புடுங்கல்லயா?"

"இல்ல."

"அன்டைக்கு நான் சரியாத்தான் எடுத்தேனா?"

"ஓ, சரியாத்தான்."

அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். தவளைகளுக்காக இல்லை. இந்த ஏழு மாதமும் தன் மூளைக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி ஒன்றும் கழலவில்லை என்று தெரிந்ததற்காக அழுதாள். மோகனராஜ் வீதிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அவள் தோளைத் தொடப் போனேன். ஊன்றுகோலைக் குறுக்கே வைத்தாள். அடிக்கவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். அதே த்ரீவீலில் அக்குறணைக்குப் போனவள்தான்.

காதியார் அவர்களே, நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஏசியதில்லை. வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஒரு தவளையையும் அழிக்கவில்லை. ஆனாலும் அவள் மனுவில் எழுதியிருப்பது அனைத்தும் உண்மை. டிஸ்க்கைத் துடைத்தது நான். பழியை அவள் ஏற்கவிட்டது நான். அவள் மலையில் ஏறும்போதெல்லாம், அவள் தேடுவது என் மேசைக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே குடை பிடித்தவனும் நான். அன்பினால் செய்தேன். அவள் கேட்கும் விடுதலைக்கு நான் தடை சொல்லப் போவதில்லை. அவள் கனவுக்குக் குறுக்கே நிற்கிற புருஷன் நான் இல்லை என்று முன்னமே சொன்னேன்.

நோர்வேக்காரர்கள் நல்லவர்கள். நடந்ததை அறிந்து இடத்தை இன்னும் ஒரு வருஷம் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். பட்டியலில் உள்ள பதிவுகள் எல்லாம் இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்கு முன் போய்ச் சேர வேண்டும். அன்றைக்கே மோகனராஜிடம் எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் வழக்கப்படி எண்ணிப் பார்த்துவிட்டு, அறுநூற்றுப் பதினொன்றுதான் இருக்கிறது, மூன்று குறைகிறது என்று இதுவரை நான்கு தடவை போன் எடுத்துவிட்டார். பழுதாகியிருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உண்மை முழுவதையும் எழுதச் சொன்னீர்கள். பழுதாகவில்லை. அந்த மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் மனைவி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை, ஸக்கியாவும் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த நான்கு வருஷத்தில் எப்போதாவது நானும் கூடப் போய், மலையில் இருட்டுப்படும் நேரத்தில் பின்தங்கிப்போன மூன்று நாட்களில், பதிவு ஓடிக்கொண்டிருப்பதை மறந்து, "ஷிராஸ்... ஷிராஸ்..." என்று கூப்பிட்டிருக்கிறாள். தவளை பின்னால்தான் கேட்கிறது. ஆகவே கணக்குப்படி அவை தவளைப் பதிவுகளே இல்லை. அவளுடைய ஆய்வில் சேராதவை என்பது என் தாழ்மையான கருத்து. இருந்தாலும் நான் பிடிவாதக்காரன் இல்லை. முப்பத்தோராம் திகதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மோகனராஜிடம் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஸக்கியாவே போனை எடுத்துக்கொண்டு ஒருதரம் கடைக்கு வந்தால் போதும், நல்ல கேபிள் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவேன்.